குனியிற முதுகு யாரோடது?

"நாள் முச்சூடும் தோட்டத்துல பாடுபடறவனுக்கு யோகா எதுக்குங்க? அதெல்லாம் ஏசி ரூம்புல உக்காந்திருக்கறவங்க சமாச்சாரம்." நம் கூட்டங்களில் யோகா என்ற பேச்சை எடுத்தாலே பின்வரிசையிலிருந்து இப்படி ஒரு குரல் வரும். இன்னொரு பக்கம், மூன்று நாள் இயற்கை விவசாயப் பயிற்சி என்று போனால் விடியற்காலை ஐந்தரைக்கே எழுப்பி, பாயை விரிக்கச் சொல்லி, பன்னிரண்டு சூரிய நமஸ்காரம் போடச் சொல்கிறார்கள். அது முடிந்ததும் ஜீவாமிர்த வகுப்பு. காலையில் செய்ததற்கும் காட்டு வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. இரண்டு தரப்புமே பாதிதான் யோசித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் பின்வரிசைக்காரருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. நம் வேலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். நாற்று நடுவது, களை எடுப்பது, மஞ்சள் தோண்டுவது, கடலைச் செடி பிடுங்குவது, தக்காளி பறிப்பது. எல்லாமே முன்பக்கம் குனிகிற வேலை. காலை எட்டு மணிக்குக் குனிகிறவர்கள் மதியச் சோற்றுக்குத்தான் முழுசாக நிமிர்கிறார்கள். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் அத்தனை நேரமும் முன்பக்கமாக நசுங்கி, பின்பக்கம் பிதுங்கப் பார்க்கின்றன. அந்த நிலையிலேயே இடுப்பைத் திருப்பி, கூடையைத் தூக்கி வேறு வைக்க வேண்டும். தெளிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 16 லிட்டர் நிரப்பினால் டேங்க் எடையும் சேர்த்து இருபது கிலோவை ஒட்டி வரும். உள்ளே இருப்பது விஷமா பஞ்சகவ்யாவா என்று தோள்பட்டை பார்ப்பதில்லை. விஷத்தை விட்டோம், சந்தோஷம். கனத்தை எப்போது விடப்போகிறோம்?

வங்கியில் இருந்த காலத்தில் நாற்காலி எனக்குக் கழுத்து வலியைக் கொடுத்தது. தோட்டத்துக்கு வந்த பிறகு இடுப்பு வலி வந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உடம்பை ஒரே பக்கமாகப் பயன்படுத்துவது. கணக்குப் புத்தகத்தில் பற்றுப் பக்கம் மட்டும் எழுதிக்கொண்டே போனால் ராத்திரி பேரேடு எப்படிச் சரிக்கட்டும்?

யோகாவில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. சென்னையில் வாழ்ந்த யோகாசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரி 1888-ல் பிறந்து 1989 வரை நூறு வயது கடந்து இருந்தவர். உலகம் முழுக்க யோகாவைக் கொண்டுபோன பி.கே.எஸ். ஐயங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் அவர்தான் ஆசான். அவர் வழியில், மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரி யோக மந்திரத்தில், இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்வார்கள். ஒன்று, ஆளுக்குத் தக்க யோகா. யோகாவுக்குத் தக்கபடி ஆளை வளைக்கக் கூடாது. இரண்டு, ஒரு ஆசனம் செய்தால் அதற்கு எதிர் ஆசனம் செய்தே தீரவேண்டும். முன்னால் வளைந்தால் பின்னால் வளை. முறுக்கினால் முறுக்கை அவிழ். இதற்குப் பிரதிக்ரியாசனம் என்று பெயர். விவசாயிக்கு இந்த ஒரு பாடம் போதும் என்பேன். நாம் பகலெல்லாம் ஆசனம் போட்டு முடித்துவிட்டோம், எதிர் ஆசனம்தான் பாக்கி.

ஆகவே, காலையில் பன்னிரண்டு சூரிய நமஸ்காரம் என்பது காட்டு வேலைக்காரருக்கு அவ்வளவு பொருத்தமில்லை. அதிலும் பாதி குனிதல்தான். நம்முடைய யோகா வேலைக்கு நடுவிலும் முடிவிலும் வரவேண்டும். மணிக்கொரு தரம் எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெதுவாக மூச்சை இழுத்தபடி நாலைந்து முறை பின்னால் சாய்வது. மதியம் சோற்றுக்கு முன்னால் மரத்தடியில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, கைகளை மடித்துத் தலைக்கு வைத்து ஐந்து நிமிஷம் மகராசனம். முடிந்தவர்கள் அப்படியே முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கலாம். சாயங்காலம் கை கால் கழுவியபின் மல்லாந்து படுத்து, காலைத் திண்ணையிலோ கட்டில் மேலோ தூக்கி வைத்துப் பத்து நிமிஷம். நாளெல்லாம் நின்ற கால், நரம்பு புடைத்த கால், அந்தப் பத்து நிமிஷத்தில் இறங்குகிற இறக்கம் தனி.

ஒரு எச்சரிக்கை. பின்னால் சாயும்போது வலி இடுப்போடு நிற்காமல் காலுக்கு ஓடினால், மரத்துப்போனால், உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ரத்தக்கொதிப்பு, குடலிறக்கம், கருப்பை இறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வயிற்றை வேகமாக உதறும் கபாலபாதியைத் தொடக்கூடாது. நூறு பேரை உட்கார வைத்து மைக்கில் எண்ணிக்கை சொல்லிக் கபாலபாதி செய்ய வைக்கும் முகாம்களில் இதை யாரும் கேட்பதில்லை. கருப்பை இறக்கம் இருப்பதை எந்த அம்மா கூட்டத்தில் கைதூக்கிச் சொல்லப்போகிறார்?

வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் மன்றம் வைத்துச் சொல்லித் தரப்படுகிறது. 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து தறியில் உட்கார்ந்தவர் அவர். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மகராசனம், உடல் தேய்த்தல், கடைசியில் உடல் தளர்த்துதல் என்று அந்த வரிசை இருக்கும். வயசானவர்களும் உழைப்பாளிகளும் செய்யக்கூடியது. வீடியோ பார்த்துத் தலைகீழாக நிற்பதைவிட, பக்கத்து மன்றத்துக்குப் போய் நேரில் ஒருவரிடம் கற்றுக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது எளிது. சங்கடமான பகுதிக்கு இப்போது வருகிறேன்.

நம் இயக்கத்தில் பாய் விரிப்பவர்கள் யார்? பெரும்பாலும் என்னைப் போல ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், வேலையை விட்டுவிட்டு மண்ணுக்கு வந்த இளைஞர்கள், நிலம் சொந்தமாக இருப்பவர்கள். நம் காட்டில் குனிபவர்கள் யார்? கூலிக்கு வரும் பெண்கள். களைக்கொல்லி அடிக்காத நிலத்தில் கைக்களை அதிகம். அதாவது, நம் இயற்கை விவசாயத்தின் முழுக் கனமும் அந்த அம்மாக்களின் இடுப்பில்தான் இறங்குகிறது. நாம் புஜங்காசனம் செய்து சமநிலை பெறுகிறோம், அவர்கள் நமக்காகக் குனிகிறார்கள். இதைப் பேசாமல் யோகா பேசுவது எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு கதை நடந்தது. கீரை, கிழங்குத் தோட்டங்களில் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தைத்தான் கூலிக்காரர்கள் பயன்படுத்த வேண்டும் என்று முதலாளிகள் வைத்திருந்தார்கள். நீளப் பிடி என்றால் வேலை சுத்தமாக இராதாம். இன்னொரு வசதியும் அதில் இருந்தது. நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். மெக்சிகோ வழி வந்த தொழிலாளர்கள் அந்தக் கருவிக்கு 'எல் கோர்த்தீட்டோ', அதாவது குட்டையன் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகு போன தொழிலாளர்கள் வழக்குப் போட்டு, மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975-ல் குட்டைப் பிடிக்குத் தடை வாங்கினார்கள். அதற்குப் பிறகும் அங்கே கீரை விளைந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் ஊர்க் களைக்கொத்தின் பிடி எவ்வளவு நீளம்? முழங்கை அளவு. இதை யார் தீர்மானித்தார்கள்? பாட்டன் காலத்து வழக்கம் என்போம். நெல்லுக்குக் கோனோவீடர் வந்து எத்தனை வருஷமாச்சு, நின்றபடியே தள்ளலாம். வரிசையில் நட்ட மஞ்சளுக்கும் காய்கறிக்கும் நீளப் பிடிக் களைக்கொத்தும் சக்கரக் களைவெட்டியும் இருக்கின்றன. கொல்லுப்பட்டறையில் சொன்னால் பழைய இலையிலேயே நெஞ்சளவு மூங்கில் பிடி போட்டுத் தருவார்கள். செடியை ஒட்டின களைக்கு மட்டும் குனிந்தால் போதும். என்னைக் கேட்டால், காட்டில் வேலை செய்பவருக்கு முதல் யோகாசனம் அந்த நெஞ்சளவுப் பிடிதான்.

"நிறைய தண்ணி குடிங்க, உடம்பு சூடு தணியும்" என்ற அறிவுரையும் இதே ரகம். நம் தோட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒரு மறைப்பு கட்டி வைத்திருக்கிறோம்? ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில்தான் நீர்க்கடுப்பும் தலைச்சுற்றலும் வருகிறது. நாலு தென்னங்கீற்றுத் தட்டி, ஒரு குழி, ஒரு குடம். இயற்கை நலவாழ்வு என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நம் விழாக்களில் நலவாழ்வு என்ற பெயரில் நடப்பது வேறு. கடை கடையாகப் பொடிகள். உடம்புக் கழிவு நீக்கப் பொடி, மூட்டுப் பொடி, சக்தி மாவு, செம்புப் போத்தல். உரக்கடைக்காரன் நம்மை இடுபொருளுக்கு அடிமையாக்கினான் என்று மேடையில் பேசிவிட்டு, இறங்கி வந்து அறுநூறு ரூபாய்க்கு முருங்கைக்கீரைப் பொடி வாங்குகிறோம். வேலியோரம் முருங்கை சும்மா நிற்கிறது. ஏனுங்க, இதுவும் இடுபொருள்தானே?

பொடியில் போவது பணம்தான். உயிர் போகிற விஷயம் வேறொன்று இருக்கிறது. "விஷமில்லாத சோறு தின்னா சர்க்கரை ஓடிப்போயிரும், மாத்திரையைத் தூக்கிப் போடுங்க" என்று சில பேச்சாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கைதட்டலும் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, நல்ல உழைப்பாளி, இந்தப் பேச்சைக் கேட்டு மாத்திரையை விட்டார். காலில் முள் குத்தியது உணர்ச்சியில்லாததால் தெரியவில்லை. செருப்பில்லாமல் சாணிக்கரைசலிலும் சேற்றிலும் நடந்து, புண் புரையோடி, கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். பேசினவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

தினையும் சாமையும் நல்லவைதான், நானும் விதைக்கிறேன். ஆனால் அவற்றிலும் மாவுச்சத்துதான் பெரும்பகுதி. அளவு பார்க்காமல் தட்டு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவும் சர்க்கரை நோய்க்கு விலக்குப் பெற்றவை அல்ல. யோகாவும் நடையும் உணவும் சரியானால் மாத்திரையின் அளவு குறையலாம், குறைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து டாக்டர் குறைக்க வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே வரும் சர்க்கரைக்கு இன்சுலின் ஒன்றுதான் உயிர். அதை நிறுத்தச் சொல்வது கொலைக்குச் சமம். நம் நிலத்துக்கு அங்ககச் சான்று கேட்டால், ஒருபோகப் பயிருக்கு 2 வருஷம், பல்லாண்டுப் பயிருக்கு 3 வருஷம் மாறுதல் காலம் என்கிறார்கள். அதுவரை வந்து வந்து சோதிக்கிறார்கள். மண்ணுக்குக் கொடுக்கும் பொறுமையை மனுஷ உடம்புக்குக் கொடுக்க வேண்டாமா? 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, முடக்குவலிக்குப் பிசியோதெரபியும் உண்டு. இயற்கை வைத்தியம்தான் வேண்டுமென்றால் சென்னை அரும்பாக்கத்தில் அரசின் யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஐந்தரை வருஷம் படித்துவிட்டு வருகிறார்கள் அந்த டாக்டர்கள். அவர்களிடம் போய்க் கேட்கலாம்.

மனசு பற்றியும் ஒரு வார்த்தை. மழை பொய்த்து, விலை சரிந்து, நோட்டீஸ் வந்து கிடக்கிறவனிடம் "தியானம் பண்ணுங்க, எல்லாம் சரியாகும்" என்பது அவனைக் கேலி செய்வது போல. நாடிசுத்தி செய்தால் கடன் குறையாது. ஆனால் ராத்திரி படுக்குமுன் பத்து நிமிஷம், இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கும்படி சும்மா உட்கார்ந்தால், படபடப்பு அடங்கி நாலு மணி நேரமாவது தூக்கம் வரும். தூங்கி எழுந்தவன் வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து, இயற்கைப் பேரிடரில் பயிர் போனால் பயிர்க்கடனை மாற்றியமைத்துத் தவணை நீட்டிக்க ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறதே என்று கேட்க முடியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வருஷக்கணக்கில் இருந்தவன் சொல்கிறேன்: கேட்காதவருக்கு அது தானாக வராது.

அடுத்த பயிற்சி முகாம் நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு யோசனை. விடியற்காலை யோகாவை எடுத்துவிட்டு, மதியம் பன்னிரண்டரைக்கு வையுங்கள். அந்தத் தோட்டத்தில் அன்றைக்கு வேலைக்கு வந்த பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலி சேர்த்து. சொல்லித் தருபவர் ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது, எங்கே வலிக்கிறது என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள். பொடிக்கடை போடும் இடத்தில் நாலைந்து விதமான நீளப் பிடிக் களைக்கொத்துகளைச் சாய்த்து வையுங்கள். பிடித்துப் பார்த்து, எது இடுப்புக்குத் தோதாக இருக்கிறது என்று அவர்கள் சொல்லட்டும். சாக்கு நான் கொண்டு வருகிறேன்.