காற்றின் வருமானமும் கமக்காரனின் பங்கும்

அமெரிக்காவிலே எண்ணெய்க்குப் பேர்போன மாநிலம் எதுவென்று கேட்டால், பள்ளிச் சிறுவனும் டெக்சாஸ் என்று கூறிவிடுவான். அதே டெக்சாஸ்தான் இன்று அந்நாட்டில் மிக அதிகமாகக் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் மாநிலமுமாகும். இவ்விந்தை தானாக நிகழவில்லை; சட்டமொன்று இதற்கு வழிதிறந்தது. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கை மீளப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவதென இலங்கை அரசாங்கம் இலக்கு வகுத்து, மன்னாரிலும் பூநகரியிலும் வீசும் காற்றின்மேல் கண்வைத்திருக்கும் இவ்வேளையில், அச்சட்டத்தின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நன்று.

1999ஆம் ஆண்டு ஜூன் மாதம், அப்போது கவர்னராயிருந்த ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் அச்சட்டத்திற் கையொப்பமிட்டார். எண்ணெய்த் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்த அவரைப் பசுமைவாதி என்று பகைவரும் பழிக்கமாட்டார். 2009ஆம் ஆண்டுக்குள் 2,000 மெகாவாட் புதிய மின்வலு இவ்வளங்களிலிருந்து கிடைக்கவேண்டும் என்று சட்டம் பணித்தது. அது வெறும் வேண்டுகோளன்று. மின்சாரம் விற்கும் கம்பெனி ஒவ்வொன்றும் தன் விற்பனைக்கேற்ற அளவுக்குச் சான்றுகளை வாங்கியே தீரவேண்டும். தவறினால், குறைபடும் ஒவ்வொரு மெகாவாட்-மணிக்கும் 50 டொலர் வரை தண்டம். தவணைக்குப் பல ஆண்டுகள் முன்னரே இலக்கு எட்டப்பட்டது. 2005இல் அதனை 5,880 மெகாவாட்டாக உயர்த்தினர். அதுவும் முந்தியே நிறைவேறிற்று.

இதனால் ஊருக்கு என்ன கிடைத்தது? மேற்கு டெக்சாசிலே நோலன் கவுண்டியைப் பார்ப்போம். மழையை நம்பிப் பருத்தி விளைவிக்கும் வறண்ட பூமி அது. நம் வன்னிக் கமக்காரரைப் போலவே அங்குள்ளோரும் வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர்கள். அங்கே ரோஸ்கோ என்னும் சிற்றூரைச் சூழ 2009இல் நிறைவெய்திய தொகுதியில் 627 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் வலு 781.5 மெகாவாட். கமக்காரர் நிலத்தை விற்கவில்லை, குத்தகைக்கே கொடுத்தனர். கோபுரத்துக்கும் பாதைக்கும் போனது போக எஞ்சிய நிலமெங்கும் இன்றும் பருத்திதான். மழை பொய்த்துப் பருத்தி கருகிய ஆண்டிலும் காற்றுப் பணம் வீடுவந்து சேர்கின்றது. நம் பிரதேச சபைக்கு ஏறத்தாழ ஒப்பான கவுண்டிக்கும் பாடசாலைச் சபைக்கும் வரி கிடைக்கின்றது. அயலூரான சுவீட்வாட்டரிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரி, காற்றாலைகளைப் பராமரிக்க இளைஞரைப் பயிற்றுகின்றது. கட்டுமான காலத்து வேலைகளைக் காட்டிப் பறைசாற்றுவோரை நாம் பொருட்படுத்துவதில்லை. அவ்வேலைகள் ஓரிரு ஆண்டில் ஓய்ந்துவிடும். குத்தகையும் வரியுமே நின்று நிலைப்பவை.

செலவே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. மேற்கிலிருந்து நகரங்களுக்கு மின்சாரங் கொண்டுசெல்லும் பாதைகளுக்கு ஏறத்தாழ 700 கோடி டொலர் செலவாயிற்று. அதனைப் பாவனையாளர் யாவரும் சுமந்தனர். கம்பெனிகளுக்கு வரிச்சலுகையும் தாராளமாகவே கிடைத்தது. 2023இல் அம்மாநிலச் சட்டசபை இக்கட்டாயத்தையே முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. எனினும் காற்றாலைகள் நின்றுவிடவில்லை. காற்று மின்சாரம் அதற்குள் தன் காலிலேயே நிற்கத் தொடங்கிவிட்டது.

இனி மன்னாருக்கு வருவோம். 2020 டிசம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட ‘தம்பபவனி’யில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன, வலு 103.5 மெகாவாட். மேலும் காற்றாலைகள் வருவதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். வெள்ளம் தேங்குமென்றும், மீன்பிடி கெடுமென்றும், வலசை வரும் பறவைகள் அழியுமென்றும் அவர்கள் அஞ்சினர். முன்னேற்றத்தின் விரோதிகள் என்று அவர்களை இகழ்வது எளிது. ஆனால் ரோஸ்கோவின் கமக்காரன் காற்றாலையை வரவேற்றது அவன் பெரிய முற்போக்காளன் என்பதனாலா? அவன் கையில் காணி உறுதி இருந்தது. அவன் ஒப்பமிடாமல் ஒரு கோபுரமும் அவன் நிலத்தில் எழ முடியாது. மன்னார்க் கடற்றொழிலாளியிடம் கடலுக்கு உறுதி இல்லை. ஆகவே குத்தகை என்ற வழியால் அவனுக்கு எதுவும் வந்துசேராது. அவன் பங்கைச் சட்டமே எழுதவேண்டும்.

நூற்றுக்கு 70 என்று இலக்கை எண்ணால் எழுதத் தெரிந்த அரசாங்கத்துக்கு, விற்கும் மின்சாரத்தின் வருவாயில் ஊருக்கு நூற்றுக்கு எத்தனை என்பதையும் எண்ணால் எழுதத் தெரியாதா? தனியார் காணி தேவைப்படின் சுவீகரிப்பதை விட்டுக் குத்தகைக்கு எடுக்கலாம். கடற்றொழிற் சங்கங்களுக்கும் பிரதேச சபைக்கும் ஆண்டுதோறும் சேரவேண்டிய தொகையை ஒப்பந்தத்திலேயே குறிக்கலாம். கோபுரங்கள் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கலாகாது என்பதை, நீரோட்டமும் பறவைகளின் வழியும் அறிந்த நம் பொறியியலாளரும் விஞ்ஞானிகளும் ஊர்மக்களுடன் இருந்து முடிவுசெய்யலாம். அடுத்த ஒப்பந்தம் கொழும்பில் கையொப்பமாவதற்கு முன்னர், அதன் தமிழ்ப் பிரதி மன்னார் மக்கள் முன் வைக்கப்படட்டும்.