கூலிக் கணக்கை முதலில் சொல்லுங்கள்

மலேசியாவின் கேமரன் மலையில் முதுகுக் கூடையோடு நின்று கையால் கொழுந்து கிள்ளும் பெண்களை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். சரிவு குறைந்த இடங்களில் நிரைக்கு இரு பக்கமும் ஆள் நின்று தூக்கிப் போகும் அறுவடை மிஷின். அது ஏறாத செங்குத்தில் கைக்கத்தரி. ஆட்களும் மாறிவிட்டார்கள். 1929-இல் ஜே.ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள்தொட்டுத் தலைமுறைகளாகத் தமிழர்கள் பார்த்த வேலையை இன்று பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் நேபாளிகளும் இந்தோனேசியரும் பார்க்கிறார்கள்.

இந்த மாற்றத்தை நான் செக்ரோல் மேசையிலிருந்து பார்த்தேன். தோட்டத்து ஆபீசில் பேர் போட்டு, கிலோ எழுதி, சம்பளக் கணக்குப் பார்த்த கிராணி நான். இன்றைய நிர்வாகிகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். எந்த மாற்றத்தைக் கொண்டுவந்தாலும் முதலில் கூலியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசுங்கள். மிஷினின் பெருமையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நான் வேலை பார்த்த தோட்டத்தில் அப்படி நடக்கவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் மேனேஜர் வந்து, வேலை சுலபமாகும், தோட்டம் பிழைக்கும் என்று மலாயில் சொன்னார். மண்டோர் அதைத் தமிழில் சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் சம்மதம் என்று ஆபீசில் முடிவு கட்டிவிட்டார்கள். அன்று மத்தியானமே ஓர் அக்கா என் ஜன்னலுக்கு வந்தார். தோட்டத்திலேயே வேகமான கை அவருடையது. கொழுந்துக் கறையேறிப் பெருவிரல் கறுத்திருக்கும். “தம்பி, மிஷினை ரெண்டு பேரு தூக்குறோம், பின்னால ஒருத்தி பையைப் பிடிக்கிறா. நிறுக்கிறப்போ இதுல என் கிலோ எது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு மேலே இருந்தவர்களும் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. கையால் பறித்த காலத்தில் கூடை அவரவர் பேரில்தான் நிறுவைக்கு வரும். விதித்த கிலோவுக்கு மேல் பறித்தால் மேல்காசு. அந்த மேல்காசை வைத்துத்தான் அவர் மகனைக் கீழே தாப்பாவில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். எல்லாருக்கும் சமபங்கு என்று வந்துவிட்டால் அந்தக் காசும் போகும், நிரையில் முதல் ஆள் என்ற மரியாதையும் போகும். ஆட்கள் மாற்றத்துக்கு ஒத்துவர மாட்டேன் என்கிறார்கள் என்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவர் கேட்டது கணக்கு மட்டும்தான்.

இத்தனைக்கும் அந்த மிஷினுக்கு அவரைப் போன்றவர்கள்தான் தேவை. இலையின் வயது மிஷினுக்குத் தெரியாது. வெட்டு மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் செடிக்குச் சோறு போடும் முதிர்ந்த இலைகள் சேர்ந்து போய்விடும். அடுத்த சுற்றுகளில் கொழுந்து குறையும். உயர்த்திப் பிடித்தால் நல்ல கொழுந்து செடியிலேயே தங்கி முற்றும். எந்த நிரையில் தரை மேடு தட்டுகிறது, எந்தத் துண்டு கவ்வாத்துக்குப் பிறகு மெதுவாகத் தழைக்கிறது என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்குத் தெரியும். மிஷின் பழக்க வெளியிலிருந்து ஆள் வந்தார். அந்தப் பெண்களிடம் செடியைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது வீடு. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. “ஆள் குறையும்” என்று நிர்வாகம் சொன்னால், “எந்த மாசம் வீட்டைக் காலி பண்ணணும்” என்றுதான் லயத்தில் கேட்கும். ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் கூலியும் கூரையும் சேர்ந்தே பறிபோனதைப் பார்த்த சமூகம் இது. அந்தத் தவிப்பிலிருந்துதான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பங்கு போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள்.

கூலி உயரும்போதும் கிலோவைப் பற்றிய அதே கேள்வி எழும். இலங்கை மலையகத்தில் 2021-இல் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனதும் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவை உயர்த்தினார்கள்; அதில் வந்த தகராறு ஊரறிந்தது. இங்கே 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அது அடிமட்டத்தைக் காக்கும். வேகமான கைக்கு இருந்த மேல்காசைக் காக்காது.

மலைக்கு இனி இன்னும் புதுக் கருவிகள் வரும், வரட்டும். வருவதற்கு முந்தின சம்பள நாளில், கூட்டுக் கிலோவை எப்படிப் பிரிப்பது, யாருடைய வேலை மாறுகிறது, வீட்டில் யார் எதுவரை இருக்கலாம் என்பதைத் தமிழிலும் வங்காளத்திலும் நேபாளியிலும் எழுதிப் பெரட்டுக் களத்தில் ஒட்டுங்கள். கை பழகும் வரை, கடந்த மாதங்களின் சராசரிச் சம்பளத்துக்குக் குறையாது என்று ஒவ்வொருவருக்கும் கடிதம் கொடுங்கள். சராசரிக்கு வேண்டிய கணக்கெல்லாம் செக்ரோலில் ஏற்கெனவே இருக்கிறது.