ஒன்பது மணி டிரில்

தேகப்பயிற்சி என்பது பிறர் செய்யக் கண்டு களிக்க வேண்டிய காரியம் என்று நம்மில் பலர் வெகுகாலமாக நம்பி வந்திருக்கிறோம். 2020-ஆம் வருஷத்து ஊரடங்கு இந்த நம்பிக்கையைச் சற்று அசைத்துப் பார்த்தது. மார்ச்சு 25-ஆம் தேதி முதல் தேசமெங்கும் ஜனங்கள் வீட்டோடு இருக்க நேர்ந்தது. கடற்கரையில் காலாற நடந்தவர்களும், உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சந்தா கட்டிவிட்டு அந்தப் பக்கமே போகாதவர்களும் ஒருங்கே அடைபட்டார்கள். சில தினங்களுக்கெல்லாம், கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, அதனுள்ளிருந்து ஒருவர் "கையைத் தூக்குங்கள்" என்றால் தூக்கி, "குனியுங்கள்" என்றால் குனியும் காட்சி பல வீடுகளில் சகஜமாகிவிட்டது.

முதலில் சிரித்தவர்களே அதிகம். "இரண்டு குடம் தண்ணீர் தூக்கினால் இதைவிட நல்ல பயிற்சியாயிற்றே!" என்றார்கள் பாட்டிமார். மாடியில் குதித்தால் தங்கள் தலையில் காரை உதிர்கிறதென்று கீழ்வீட்டார் குறைபட்டார்கள். ஆயினும் நாளடைவில் சிரித்தவர்களும் ஓர் ஓரமாக வந்து நின்று கையை நீட்டி மடக்கத் தொடங்கியதை நாம் கண்டோம். அவ்வருஷம் ஜூன் 21-ஆம் தேதி சர்வதேச யோகா தினம் வந்தபோது, மைதானத்தில் கூடுவதற்குப் பதிலாகக் குடும்பத்துடன் வீட்டிலேயே ஆசனம் செய்யும்படி அரசாங்கம் கேட்டுக்கொண்டது.

இங்கிலாந்தில் நடந்ததோ இன்னும் விசேஷம். அங்கே பள்ளிகள் மூடப்பட்டதும், ஜோ விக்ஸ் என்ற உடற்பயிற்சியாளர், வீட்டில் அடைபட்ட குழந்தைகளுக்காக மார்ச்சு 23-ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தமது வீட்டுக் கூடத்திலிருந்தே யூடியூபில் அரைமணி நேர டிரில் வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். மறுநாள் வகுப்பை நேரலையாகக் கண்டவர்கள் 9,55,185 பேர் என்று கின்னஸ் சாதனைப் பதிவு கூறுகிறது. ஜூலை மாதம் வரை அந்த வகுப்பு நடந்தது. குழந்தைகளுக்கென்று தொடங்கிய வகுப்பில் தாய் தந்தையரும் சேர்ந்து குதித்தார்கள்.

இதெல்லாம் யந்திரத்தின் மகிமை என்று நினைப்பது தவறு என்பது நமது அபிப்பிராயம். தேகப்பயிற்சிப் படங்கள் யூடியூபில் அதற்கு முன்பும் ஏராளமாக இருந்தன. அவற்றைச் சீந்துவார் குறைவு. ஜனங்களை எழுப்பி நிறுத்தியவை இரண்டு: குறித்த நேரம் ஒன்று, அந்த நேரத்தில் நம்மைப் போலவே ஆயிரமாயிரம் பேர் மூச்சு வாங்குகிறார்கள் என்ற எண்ணம் மற்றொன்று. ஜப்பானியர் இதை 1928-லேயே கண்டுகொண்டு, ரேடியோவில் தேகப்பயிற்சி ஒலிபரப்பத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது.

ஆனால் நேயர்களே, ஒரே அறையில் ஐந்து பேர் வசிக்கும் வீட்டில் கையை வீசுவதற்கு இடமேது? வீட்டுக்கு ஒரே கைபேசி. அதில் மூத்தவனுக்குக் கணக்கு வகுப்பு நடக்கையில் இளையவளுக்கு டிரில் எங்ஙனம்? எல்லோரும் பயிற்சி செய்யும் நேரத்தில் அடுப்படியில் நின்ற பெண்மணியை யார் அழைத்தார்கள்? வகுப்பு இலவசமாயிருக்கலாம், இடமும் கருவியும் ஓய்வும் இலவசமல்லவே!

இவர்கள் அனைவருக்கும் பொதுவான இடம் ஒன்று உண்டு. அதுதான் பள்ளிக்கூடம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றுள் விளையாட்டு மைதானத்தையும் சேர்த்திருக்கிறது. குழந்தைகள் தினம் சராசரி 60 நிமிஷமாவது உடலை நன்கு உழைக்கச் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். குறித்த நேரம், கூட ஆடத் தோழர்கள், சொல்லித்தர ஆசிரியர் ஆகிய யாவும் பள்ளியில் முன்பே இருக்கின்றன. இருந்துமென்ன? பரீட்சை நெருங்கினால் முதலில் பலியாவது டிரில் பீரியட்தான். "பாடம் முடியவில்லை, இந்த ஒரு பீரியடை மட்டும் கொடுங்கள்" என்று டிரில் மாஸ்டரிடம் கடன் கேட்காத உபாத்தியாயர் யார்? நாமும் கேட்டிருக்கிறோம். வாங்கிய கடனை ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை என்பதையும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

கதவு அடைபட்டிருந்த காலத்தில், முன்பின் அறியாத ஒருவர் கைபேசிக்குள்ளிருந்து அழைத்ததும் எழுந்து நின்றோம். கதவு திறந்த பிறகு, வெயிலும் காற்றும் உள்ள மைதானத்துக்குக் குழந்தைகளை அனுப்ப நமக்கு மனம் வரவில்லையென்றால், ஊரடங்கு இன்னும் தீரவில்லை என்றுதான் பொருள். வருகிற திங்கட்கிழமை டிரில் பீரியடில் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதில்லை என்று நாம் தீர்மானித்திருக்கிறோம். பெற்றோர்கள் அதற்காக நம்மைக் கோபிக்காதிருந்தால், அதுவே அவர்கள் தேசத்துக்குச் செய்யும் நல்ல தேகப்பயிற்சியாகும்.