போலி விலாசம் வாங்காதீர்கள்: குண்டசாலைப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்



தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கை வெளிவந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்டி நகருக்குள் யார் வீட்டு மேல்மாடியைக் குத்தகைக்கு எழுதிக்கொள்ளலாம், எந்த மாமாவின் வீட்டு வாக்காளர் இடாப்பில் பெயரைச் சேர்க்கலாம் என்ற பேச்சு தேநீர்க் கடையிலேயே தொடங்கிவிடும். இம்முறை அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை மூடுவதா, பக்கத்துப் பாடசாலையோடு இணைப்பதா என்று கல்விச் சீர்திருத்தத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள். நாடெங்கும் 10,000க்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 1,500இல் 50 பிள்ளைகள்கூட இல்லை. 100 பிள்ளைகளுக்குக் குறைந்தவற்றை எண்ணினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று.

இந்தப் பாடசாலைகளை யார் காலியாக்கியது? அரசாங்கம் மட்டும் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. நாமும்தான்.

சுற்றறிக்கையின் கணக்கு பல்லாண்டுகளாக நமக்குப் பழகியது. தரம் 1இல் நூற்றுக்கு 50 இடங்கள் அண்மையில் வசிப்போருக்கு. 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. 15 அங்கே ஏற்கெனவே படிப்போரின் சகோதர சகோதரிகளுக்கு. மிச்சமுள்ள 10ஐக் கல்வித்துறை ஊழியருக்கு 5, இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தருக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கு 1 என்று பங்கிட்டிருக்கிறார்கள். 'அண்மை' என்பதை அளக்கவும் முறை உண்டு. உங்கள் வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பிக்கும் பாடசாலை வரையுள்ள நேர்கோட்டுத் தூரத்தில் வரைபடத்தின் மேல் ஒரு வட்டம் கீறுவார்கள். அந்த வட்டத்துக்குள் உங்கள் பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலை ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி கழியும். இதற்கு முழுப்புள்ளி 50. அப்படியென்றால் இடையில் பத்துப் பாடசாலை இருந்தாலே கணக்குப் பூச்சியம். தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் ஐதாக இருப்பதால் நமக்குக் கழிவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆக, குண்டசாலையில் உண்மையாகவே குடியிருப்பவர் கண்டி நகரின் பெயர்பெற்ற பாடசாலைக்குள் 'அண்மை' வழியாக நுழைவது மிகவும் கடினம். ஆனாலும் விடியற்காலை ஆறு மணிக்கு மகியங்கனை வீதியில் நின்று பாருங்கள். திகன, கெங்கல்ல, பலகொல்ல, பல்லேகல என்று வரிசையாக வேன்கள் நிரம்பித் தென்னக்கும்புரப் பக்கம் போகின்றன. உள்ளே ஐந்து வயதுப் பிள்ளைகள், பாதித் தூக்கத்தில். இவர்களில் எத்தனை பேர் தங்கள் சொந்த விலாசத்தைக் காட்டி அனுமதி பெற்றவர்கள்? விடை உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கையொப்பம் வைத்துக் கொடுத்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

எங்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நேர்முகப் பரீட்சைக்கு ஒரு தகப்பன் கொண்டுபோகும் கோப்பைத் திறந்து பாருங்கள். வீட்டு உறுதி, ஐந்து வருட வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், வங்கிக் கடிதம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். இந்தத் தாள்களைப் பார்த்தே புள்ளி. இனி இராஜவெல தோட்ட லயன் ஒன்றில் இருக்கும் தாயின் கோப்பைத் திறவுங்கள். லயன் அறைக்கு உறுதி கிடையாது. அந்த நிலம் அவள் பெயரில் ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று தலைமுறையாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவளால், தான் அங்கேதான் வாழ்கிறாள் என்பதைத் தாளில் காட்ட முடியவில்லை. கண்டியில் ஒரு நாள்கூடப் படுத்தெழும்பாதவரோ குத்தகை ஒப்பந்தத்தை நீட்டித் தான் அங்கேயே குடியிருப்பதாக நிரூபித்துவிடுகிறார். 25 வீதப் பழைய மாணவர் ஒதுக்கீடும் அதே கதைதான். அப்பா படித்த பாடசாலை மகனுக்கு என்றால், தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்ற அப்பாவின் மகனுக்கு எது கிடைக்கும்?

2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அப்போதிருந்த தரம் 1 சுற்றறிக்கையை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 12(1) உறுப்புரைக்கு முரணானது என்று தீர்த்தது. அதற்குப் பிறகும் வகை பிரித்துப் பங்குபோடும் பழக்கம் போகவில்லை. 2016இல் 'அண்மையிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை' என்றார்கள். சில வருடம் கழித்து ஆயிரம் தேசிய பாடசாலை என்றார்கள். பெயர்ப்பலகைக்குப் புதிதாக வர்ணம் பூசியதை நாமும் பார்த்தோம்.

இதன் விளைவு ஊர்ப் பாடசாலையில்தான் விழுகிறது. ஆசிரியர் ஒதுக்கீடு பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே வரும், கற்றல் பொருள்கள் வாங்க வரும் தர உள்ளீட்டுப் பணமும் அப்படியே. இருபது பிள்ளை வேனில் ஏறிப் போனால் ஓர் ஆசிரியரும் போவார். தரம் 1ஐயும் 2ஐயும் ஒரே அறையில், முதுகோடு முதுகாக இரண்டு கரும்பலகை வைத்து ஒரே ஆசிரியை படிப்பிப்பார். அதைப் பார்க்கும் அடுத்த பெற்றோரும் வேன் தேடுவார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் குரல் எழுப்பக்கூடியவர்கள், அதிபரிடம் கணக்குக் கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் போய்விட்டால் யார் கேட்பது? கடைசியில், பிள்ளைகள் இல்லை, மூடிவிடுவோம் என்று கொழும்பிலிருந்து கடிதம் வரும்.

குண்டசாலை ஒரே தரத்து ஊர் அல்ல. விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தும்பறைப் பள்ளத்தாக்கிலிருந்து எழுப்பப்பட்டு இங்கே குடியேறியவர்கள் இருக்கிறார்கள். பழைய கொக்கோத் தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பல்லேகல கைத்தொழில் வலயத்தில் இரவு வேலை செய்யும் தாய்மார் இருக்கிறார்கள். கோல்ஃப் மைதானத்தை ஒட்டி மாளிகை கட்டியவர்களும் இருக்கிறார்கள். மாகாண சபைக் கட்டடத் தொகுதியும் நம் பல்லேகலையில்தான் இருக்கிறது. முடிவெடுப்பவர்கள் நம் பாடசாலைகளைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறார்கள்.

எனவே நாங்கள் கேட்பது எல்லையை நிலத்தில் கீறுங்கள் என்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வட்டம் கீறி, அதை உறுதியாலும் குத்தகையாலும் நகர்த்த விடாமல், பக்கம் பக்கமாக உள்ள நான்கைந்து ஆரம்பப் பாடசாலைகளை ஒரு தொகுதியாக்குங்கள். மாடிவீடும் லயனும் ஒரே தொகுதிக்குள் வரும்படி கோடு போகட்டும். தொகுதிக்குள் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் பணத்தையும் சமமாகப் பகிருங்கள். லயனில் குடியிருப்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் ஒரு சான்றிதழ் போதும் என்று எழுதுங்கள். இது நடக்காத காரியமல்ல. தென்கொரியா 1969இல் நடுநிலைப் பாடசாலை நுழைவுப் பரீட்சையை ஒழித்து, சியோலில் பிரதேசத்துக்குள் குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பத் தொடங்கியது. ஐந்து வருடத்தில் உயர்தரப் பாடசாலைகளுக்கும் அதே வழி வந்தது. அங்கும் வசதியானவர்கள் கத்தினார்கள். மொழிமூலம் வேறுபடுவதால் இங்கே தமிழுக்கும் சிங்களத்துக்கும் கோடுகள் தனித்தனியே வரும். 2018 மார்ச்சில் இனவன்முறையில் திகன எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இப்படிப் பிரிப்பதும் உறுத்தத்தான் செய்யும். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

ஊருக்காக என் பிள்ளையைப் பலிகொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. உங்கள் பிள்ளையோடு உங்களையும் ஊர்ப் பாடசாலைக்கு வரச் சொல்கிறோம். வேன் கட்டணமும் வசதிக் கட்டணமும் கொடுக்கும் கை, சங்கக் கூட்டத்தில் ஒருமுறை உயரட்டும். 1945இல் வந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள் நாம் எல்லோரும். உங்களில் பலர் இதே ஊர்ப் பாடசாலையில் படித்துத்தான் இன்று கண்டியில் மேல்மாடியைக் குத்தகைக்கு எழுதும் அளவுக்கு வந்தீர்கள்.

பாடசாலை இணைப்புப் பட்டியல் முடிவாகும் முன்னர் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் தொகுதி எல்லை கேட்டு எழுதுங்கள். எந்தப் பாடசாலையையும் மூடும் முன் அதன் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கணக்கெடுக்கச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தர்களே, வீட்டைப் பார்க்காமல் சான்றிதழ் கொடுக்காதீர்கள். குத்தகைக்குப் பெயர் கொடுக்கும் உறவினரே, நீங்கள் கொடுப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இடம்.

தற்காலிகப் பெயர்ப் பட்டியல் ஒட்டப்பட்ட பின் ஆட்சேபனை தெரிவிக்கச் சுற்றறிக்கையே இடம் தருகிறது. இதுவரை அயலவர் என்று பார்த்து வாய் திறக்காமல் இருந்தோம். வரும் பட்டியலில் குண்டசாலையில் உறங்கி எழும்பும் பிள்ளையின் பெயர் கண்டி விலாசத்தோடு இருந்தால் ஆட்சேபனை எழுதுவோம். எழுதியவர் பெயரையும் மறைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
குண்டசாலைப் பிரதேசத் தமிழ்மொழிமூலப் பெற்றோரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்