கண்முன் இருப்பதை எழுதத் தடை விதித்தவர் யார்?

"வைகறைக் காட்சி" என்னும் தலைப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதிய கட்டுரை என் மேசைமீது கிடக்கிறது. கதிரவன் மலைமுகட்டில் எழுகிறான். உழவர்கள் ஏரைத் தோளில் சுமந்து கழனிக்குச் செல்கின்றனர். தாமரைத் தடாகத்தில் வண்டுகள் ரீங்காரமிடுகின்றன. ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆனால், அம்மாணவன் வாழ்வது கோலசிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில். அங்கே மலைமுகடும் இல்லை, ஏரும் இல்லை, தாமரைத் தடாகமும் இல்லை. இருள் விலகுமுன் அவன் தந்தை பிரட்டுக்குப் போகிறார், டிராக்டர் உறுமுகிறது, இரவு மழையில் நனைந்த மட்டைகளிலிருந்து நீர் சொட்டுகிறது. இவற்றுள் ஒன்றேனும் அக்கட்டுரையில் இடம்பெறவில்லை.

பிள்ளையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. குற்றம் நம்முடையது. ஆசிரியர்களாகிய நாமே மாதிரிக் கட்டுரை நூல்களை அவன் கையில் கொடுத்தோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அத்தேர்வுக்கென மனப்பாடம் செய்வித்த தாமரைத் தடாகமோ இன்னும் வற்றவில்லை!

நானும் இவ்வாறே வளர்க்கப்பட்டவன். பால்மரக் காட்டைப்பற்றி ஒருமுறை எழுதினேன். ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் இலைகள் சிவந்து உதிரும், நிழலடர்ந்த காடு திடீரென வெளிச்சமாகும், பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும், வீட்டில் பேச்சும் குறையும். கொட்டை வெடிக்கும் பருவத்தில் அவற்றைப் பொறுக்கிக் கல்லில் தேய்த்து, அடுத்தவன் தொடையில் சூடு வைப்போம். இவ்வளவையும் எழுதியிருந்தேன். திரும்பி வந்த ஏட்டில் 'மங்கு', 'பிரட்டு', 'ஒட்டுப்பால்' ஆகிய சொற்களைச் சிவப்பு மை வட்டமிட்டிருந்தது. ஓரத்தில் 'கொச்சை' என்று ஒரு சொல். மங்கு அடிக்கப்பட்டுக் 'கிண்ணம்' ஆகியிருந்தது. பால்மரத்தில் கிண்ணம் கட்டியவரை நான் இன்றுவரை கண்டதில்லை.

மங்கு மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது, பிரட்டு 'பரேட்' என்பதன் திரிபு என்பார்கள். வரட்டுமே! அச்சொற்களோடுதான் மூன்று தலைமுறை உழைத்தது. தூய தமிழுக்கு நான் பகைவன் அல்லன். ஒரு பொருளைக் கண்ணால் காணாமலேயே அதற்குத் தூய பெயர் சூட்டும் வழக்கத்துக்குத்தான் பகைவன். குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைக் கபிலர் பெயர் சொல்லி அடுக்கியதைப் பெருமையுடன் வகுப்பில் எடுத்துரைக்கிறோம். அதே வகுப்பின் சன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தின் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

எழுதத் தக்கது இங்கு ஒன்றுமில்லை என்பாரும் உளர். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியைப்பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள்: கோதுமை, வானம், காற்று, வேறென்ன என்று. அங்குப் பிறந்த டபிள்யூ. ஓ. மிட்சல் அச்சமவெளியில் ஒரு சிறுவன் வளர்வதை 1947இல் நாவலாக்கினார். அந்நாட்டுப் பள்ளிகளில் அதைப் பாடமாகப் படித்தனர்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் சிலாங்கூர் ஆற்றங்கரைக்கே வருவோம். ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இங்குத் தோட்டம் போட்டார். இந்நாட்டில் வணிகத்துக்கென முதன்முதல் செம்பனை நடப்பட்டது 1917இல், அவருடைய தென்னமரம் தோட்டத்தில். பெயரைக் கவனியுங்கள், தமிழ்! இம்மண்ணையும் இங்குள்ள மக்களையும், நம் தமிழ்த் தொழிலாளர் உட்பட, பொருளாக்கி அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. துரைமார் பங்களாவில் இருந்து பார்த்தவர் எழுதினார்; லயத்தில் இருந்து பார்த்த நாம் தாமரைத் தடாகம் எழுதினோம். அவர் பார்த்தது முழுமையானதா என்பது வேறு வழக்கு. அதை மறுத்துரைக்கவாவது நம் பக்கத்தில் ஏடு வேண்டாமா?

கம்போங் குவாந்தானுக்கு உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து, இரவில் படகேறி மின்மினிகளைக் காண்கின்றனர். பெரெம்பாங் மரங்களில் அவை ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அணைகின்றன. ஆற்றங்கரை ஈரத்தில் வாழும் அவற்றின் புழுக்கள் நத்தையைத் தின்று வளர்பவை. ஆதலால் கரையை வழித்துவிட்டால் மரத்து விளக்கும் அணைந்துபோகும். கூப்பிடு தொலைவில் வாழும் நம் பிள்ளைக்கோ மின்மினி என்பது வெறும் உவமை.

இதில் காலம் தாழ்த்த இடமில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. லயங்கள் இடிந்தன, ஆயக்கொட்டகை எது என்று காட்ட ஆள் இல்லை. காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பால் சுமந்த தோள்களின் தழும்பைத் தொட்டுக் காட்டக்கூடிய பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். கேட்டு வந்ததை எழுதச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழையைத் தாராளமாகத் திருத்துங்கள், சொல்லை அடிக்காதீர்கள்.

என் மேசைமீதிருந்த கட்டுரையை அம்மாணவனிடமே திருப்பிக் கொடுத்து, "நேற்றுக் காலை எழுந்ததும் நீ பார்த்ததை எழுதி வா" என்றேன். அவன் நெடுநேரம் தயங்கி நின்றான். பிறகு, "ஐயா, எங்கள் வீட்டு முன்னால் குரங்கு வந்து குலையைத் தின்றது. அதை எழுதினால் மதிப்பெண் உண்டா?" என்று கேட்டான்.