தலைமை நாற்காலியை ஏலம் விடாதீர்கள்



அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நமது நலன்புரிச் சங்கத்தின் பொதுக்கூட்டம். தலைவர் யார் என்ற பேச்சு தேநீர்க்கடைகளில் ஏற்கெனவே முடிந்துவிட்டதாம். பெரிய தொகை ஒன்று சங்கத்துக்கு வரும், கொடுப்பவரே தலைவராவார், கட்டப்போகும் மண்டபத்துக்கு அவர் குடும்பத்தின் பெயர். இதுதான் ஏற்பாடு. இதை எதிர்க்க வேண்டும். வீட்டிலிருந்து முணுமுணுத்துப் பயனில்லை. கூட்டத்துக்கு வந்து, எழுந்து நின்று, கையை உயர்த்தி எதிர்க்க வேண்டும்.

அந்த மனிதர் மேல் எனக்குப் பகை கிடையாது. அவர் தரும் பணத்தை நன்றியோடு வாங்குவோம், ரசீது எழுதிக் கொடுப்போம், கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டுவோம். பதவி வேறு விஷயம். கொடுத்த கைக்கே பெட்டிச் சாவியையும் கொடுத்துவிட்டால் நாளைக்கு அவரிடம் யார் கணக்குக் கேட்பது? உப்பளத்தில் கூலிக்கு நிற்கும் நானாவா? கருவாடு காயப்போடும் ராத்தாவா? கேட்க வாயெடுக்கும்போதே "நீ எவ்வளவு தந்தாய்?" என்று வரும். அன்றோடு சங்கம் முடிந்தது. பெயர்ப்பலகை மட்டும் தொங்கும்.

புத்தளத்தின் இந்தக் கரையில் தலைமை எப்படி உருவானது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவேயில்லை. 1990 ஒக்டோபரின் கடைசி இரண்டு வாரங்களில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். மற்றவர்கள் கால்நடையாகவும் லொறிகளிலும் வவுனியா, அநுராதபுரம் வழியாகப் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் குழந்தை, இடுப்பில் ஒரு மூட்டை, அவ்வளவுதான்.

அரசின் உலருணவும் வெளி நிறுவனங்களும் ஒழுங்காக வந்து சேருமுன் அவர்களுக்குச் சோறு போட்டவை இந்த ஊர்கள். பள்ளிவாசல்கள் கதவைத் திறந்தன. பாடசாலைகளில் வாங்குகளை ஓரமாக அடுக்கிப் பாய் விரித்தார்கள். தென்னங்காணிக்காரர்கள் கொட்டில் போட இடம் விட்டார்கள். தில்லையடி, ஆலங்குடா, பாலாவிப் பக்கமெல்லாம் கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக எழுந்தன. அன்றைக்கு முன்னால் நின்றவர்களிடம் பெரும்பணம் இருந்ததாக எந்தப் பெரியவரும் சொல்லிக் கேட்டதில்லை. எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்தக் கடைக்காரர் கடனுக்கு அரிசி மூட்டை இறக்குவார், யார் வீட்டில் பெரிய தாச்சி இருக்கிறது, எந்த வீட்டில் கர்ப்பிணியைத் தங்கவைக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேட்பது அவர்கள் என்றால் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையும் ஊருக்கு அவர்கள் மேல் இருந்தது. நான் கேட்பதும் அப்படிப்பட்ட ஆள்தான்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் பேசுவோம். சில வாரம் என்று நினைத்து வந்தவர்கள் இருபது வருடம் தங்க நேர்ந்தது. வரவேற்ற ஊர்களும் ஏழை ஊர்கள்தான். ஒரே கிணறு, ஒரே ஆஸ்பத்திரி வரிசை, ஒரே வகுப்பறை, வெங்காயத் தோட்டத்தில் ஒரே நாட்கூலிக்கு இரட்டிப்பு ஆட்கள். மனக்கசப்பு வந்தது. "அகதி" என்ற சொல் இங்கேயே பிறந்த பிள்ளைகள் மேலும் ஒட்டிக்கொண்டது. முகாமில் வாழ்ந்தவர்களைப் பற்றி முடிவெடுத்த குழுக்களில் அவர்களுக்குப் போதிய இடம் இருக்கவில்லை. பெண்களுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். தண்ணீருக்காக மைல் கணக்கில் நடந்தவள் தண்ணீர்க் குழுவில் இல்லை என்றால் அது என்ன குழு?

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட ஷிரீன் சரூர் புத்தளத்து முகாம்களில் பெண்களோடு வேலை செய்தவர். மன்னார்ப் பெண்கள் அபிவிருத்திச் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அதே மன்னாரிலிருந்து வந்த ஜுவைரியா மொஹிதீன் புத்தளத்தில் முஸ்லிம் பெண்களுக்கான அபிவிருத்தி அமைப்பொன்றை நடத்தி, முஸ்லிம் விவாகச் சட்டத் திருத்தத்துக்காக வசவுகளையும் மிரட்டல்களையும் தாங்கிக்கொண்டு குரல் கொடுத்துவருகிறார். இவர்களுக்கு யாரும் நாற்காலி போட்டுக் கொடுக்கவில்லை. கிடுகுக் கொட்டிலுக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பத்தின் கதையையும் கேட்டு, எழுதி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித்தான் தலைவர்களானார்கள். நம் சங்கத்தில் எத்தனை பெண்கள் நிர்வாகத்தில் இருக்கிறார்கள்? சமைக்கவும் வீடு வீடாகப் பணம் சேர்க்கவும் மட்டும் ராத்தாமாரும் அக்காமாரும், தீர்மானம் எழுத மட்டும் நாங்களா? இது அடுத்த வெள்ளியோடு மாற வேண்டும்.

பிறகு பெரும்பணமும் வந்தது. 2007இல் உலக வங்கி புத்தளத்தில் இடம்பெயர்ந்தவர்களின் வீடமைப்புக்கு 32 மில்லியன் டொலர் ஒதுக்கியது. கிடுகுக்குக் கீழே பிள்ளை பெற்றவளுக்குக் கல்வீடு கிடைத்தது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் திட்டங்கள் வந்து போன அந்த வருடங்களில் நாமும் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். வெளியிலிருந்து யாராவது வருவார்கள், படிவம் நிரப்புவார்கள், கொடுப்பார்கள் என்று காத்திருக்கும் பழக்கம். இப்போது வெளிநாட்டு நிறுவனத்தின் இடத்தில் உள்ளூர்ப் பணக்காரரை வைக்கப் பார்க்கிறோம். காத்திருப்பு அதேதான்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் யார் வந்தார்கள்? ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அதற்கு முன்னரே பல வாரம் மண்ணெண்ணெய் கண்ணில் படவில்லை. இயந்திரப் படகுகள் கரையில் கிடந்தன. படகு கிடந்தால் வாடியில் வேலையில்லை, ஐஸ்காரனுக்கு வேலையில்லை, மீன் கூடையைச் சைக்கிளில் கட்டி ஊருக்குள் போகிறவனுக்கு வேலையில்லை. அப்போது அடுப்பெரிந்த வீடுகளில் பாதி, பக்கத்து வீட்டு மரவள்ளிக் கிழங்கிலும் கடைக்காரரின் கொப்பிக் கடனிலும்தான் எரிந்தன. அந்தக் கொப்பிக் கடன்தான் இந்தக் கரையின் உண்மையான நிவாரண நிதி. அதைச் சுமந்த சின்னக் கடைக்காரரை ஒருநாளாவது மேடையில் ஏற்றியிருக்கிறோமா?

உடப்பில் கரைவலை இழுக்கும்போது அம்பா எடுத்துக் கொடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் கை வைத்தபடிதான் பாடுவார். அவர் குரலுக்கு மற்றவர்கள் இழுப்பது, அவர் தோளும் அதே பாரத்தைச் சுமக்கிறது என்று தெரிவதால். நம் தலைவரும் அப்படி இருக்க வேண்டும். வேறு தகுதி எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பணமில்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். கராச்சியில் அப்துல் சத்தார் ஈதி என்றொரு மனிதர் வாழ்ந்தார், 2016இல் காலமானார். உலகின் மிகப் பெரிய தன்னார்வ அம்புலன்ஸ் சேவைகளில் ஒன்றைக் கட்டியெழுப்பியவர். அரசு நீட்டிய பெருந்தொகையைத் திருப்பி அனுப்பினார். தெருவில் நின்று சாதாரண மக்களிடம் கையேந்தினார். ஒருவரின் பெரிய தொகை அவரை அந்த ஒருவருக்குக் கட்டிப்போடும், லட்சம் பேரின் சில்லறை அவரை லட்சம் பேருக்குக் கடமைப்படுத்தும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஸகாத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: நாற்பதில் ஒரு பங்கு, பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர். அந்த எட்டில் ஒரு வகை, அதைச் சேகரித்துப் பங்கிடும் வேலையைச் செய்பவர்கள். வேலை செய்பவனின் கூலிக்கே வெளிப்படையாக இடம் ஒதுக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுகிற நம்மில் பலர், கணக்கை ஏன் அலுமாரிக்குள் பூட்டிவைக்கிறோம்?

நம்மிடம் இருப்பதை ஒருமுறை எழுதிப் பார்த்தால் மலைத்துப் போவோம். ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போடுங்கள். யாரிடம் படகு, யாரிடம் லேண்ட்மாஸ்டர், யார் வீட்டில் ஜெனரேட்டர், எந்தக் கிணறு வெள்ளத்திலும் கலங்காது, யார் ஓய்வுபெற்ற தாதி, யாருக்குச் சிங்களத்தில் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுத வரும், யாருடைய மகன் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறான். மழைக்காலம் ஒக்டோபரில் தொடங்கும். கலா ஓயாவும் மீ ஓயாவும் தெதுறு ஓயாவும் பெருக்கெடுத்தால் வண்ணாத்திவில்லுவிலிருந்து சிலாபம் வரை எந்தெந்தத் தாழ்நிலம் மூழ்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த இரவில் மண்டபத்தின் பெயர்ப்பலகை ஒரு கிழவியையும் தூக்கிவராது. இந்தக் கொப்பி தூக்கிவரும்.

அந்தக் கொப்பியில் ஒரே சமூகத்தின் பெயர்கள் மட்டும் இருந்தால் அது பாதிக் கொப்பி. 2019 மே மாதத்தில் சிலாபத்திலும் கொட்டாரமுல்லையிலும் முஸ்லிம்கள் மேல் நடந்த தாக்குதல்களை மறக்க முடியுமா? அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான், கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டுவதை எதிர்த்துப் புத்தளத்தில் முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் ஒன்றாக உட்கார்ந்து போராடினார்கள். இரண்டும் இதே மாவட்டம்தான். எது நிலைக்க வேண்டும் என்பதை நம் சங்கம் தன் நிர்வாகக் குழுவில் காட்டட்டும். உடப்புத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒருவர், தலவிலப் பக்கத்துக் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களிலிருந்து ஒருவர், வடக்கிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களிலிருந்து ஒருவர் இல்லாமல் எந்தப் பட்டியலையும் ஏற்காதீர்கள்.

என் முன்மொழிவுகளை வெளிப்படையாகவே சொல்கிறேன். தலைவர் ஒரு தடவைக்கு இரண்டு வருடம், அதற்குமேல் ஒரே ஒரு தடவை. நிர்வாகத்தில் பாதிப்பேர் பெண்கள். வங்கியில் இரண்டு கையெழுத்து, அவற்றில் ஒன்று கட்டாயம் பொருளாளருடையது. ஒவ்வொரு மாதமும் வரவுசெலவைச் சந்தியிலுள்ள கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். அரசியல் தேர்தலில் நிற்பவர் எவராயினும் நின்ற நாளிலிருந்து சங்கப் பதவியை விட வேண்டும். இவற்றை எழுத்தில் கொடுக்கக் குறைந்தது பத்து அங்கத்தவர்களின் கையெழுத்து வேண்டும். என் கையெழுத்து முதலாவது.

சந்தா நிலுவையில் இருப்பவருக்கு வாக்கில்லை என்பது யாப்பு. இதை வைத்துத்தான் போன முறை பலரைக் கதவடியிலேயே நிறுத்தினார்கள். ஆகவே வியாழன் மஃரிபுக்கு முன்னரே நிலுவையைக் கட்டுங்கள். வீட்டுப் பெண்களின் சந்தாவை அவரவர் பெயரிலேயே கட்டுங்கள். ரசீது எழுதும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள். வெள்ளிக்கிழமை அந்த ரசீதையும் தேசிய அடையாள அட்டையையும் கையிலேயே வைத்துக்கொண்டு, அஸர் தொழுகை முடிந்த கையோடு கூட்டத்துக்கு வந்து, முன்வரிசையில் உட்காருங்கள்.