சாணி நம்முடையது! நிலக்கரி மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும்!



மீத்தேன் என்ற பேரைக் கேட்டாலே டெல்டாக்காரன் வயிறு எரியும். 2010-ல் தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு தனியார் கம்பெனியோடு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. ஊர் ஊராகப் போய் எச்சரித்த நம்மாழ்வார் ஐயா, 2013 டிசம்பர் 30-ல் அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே கண்மூடினார். விவசாயிகள் விடவில்லை. 2015-ல் மாநில அரசு தடை அறிவித்தது. 2020-ல் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது.

இப்போது ஆய்வுக்கூடங்களில் இன்னொரு வழி பார்க்கிறார்கள். மாட்டுச் சாணியில் இருக்கிற நுண்ணுயிரிகளை நிலக்கரியில் விட்டால், அது கரியைத் தின்று மீத்தேன் கொடுக்குமாம். இது கட்டுக்கதை இல்லை. மாட்டு வயிற்றுக்குள் காற்றுப் படாமல் நடக்கிற அதே வேலைதான். ஒரு வகைக் கிருமி கரியைச் சிதைக்கும், இன்னொரு வகை அதில் வருவதை மீத்தேனாக மாற்றும். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்துப் பவுடர் ஆற்றுப் படுகையில் உள்ள நிலக்கரி மீத்தேனே பெரும்பாலும் கிருமிகள் உண்டாக்கியதுதான். அங்கே கிணற்றுக்குள் சத்துக் கரைசல் விட்டுக் கிருமியை வளர்க்கப் பார்த்த ஒரு கம்பெனி 2013-ல் திவாலானது.

விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டை இல்லை. நம்ம கேள்வி ஒண்ணுதான். அந்த கேஸை எப்படி மேலே கொண்டு வருவீங்க?

கரிப் படுகையில் தண்ணீர் நிற்கிறது. அதை இறைத்தால்தான் கேஸ் கிளம்பும். வயோமிங்கில் அப்படி இறைத்தபோது மாடு வளர்க்கிற விவசாயிகளின் கிணறு இறங்கியது. வெளியே விட்ட தண்ணீரில் இருந்த சோடியம் மண்ணைக் கெடுக்கிறது என்று அவர்கள் போராடினார்கள். நம்ம டெல்டாவோ கடலை ஒட்டியது. நிலத்தடி நீர் இறங்கினால் உப்புத் தண்ணி உள்ளே ஏறும். கிருமி சாணியில் இருந்து வந்தது என்பதற்காக ஆழ்துளைக் கிணறு சும்மா இருக்குமா?

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. "இது உயிரி எரிவாயு, இயற்கையானது" என்று பேரை மாற்றிக்கொண்டு நாளைக்கு எவனாவது வரலாம். 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு நிலக்கரிப் பகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் நீக்கினார்கள். ஆகவே அசந்து இருக்கக் கூடாது. 2020 சட்டம் நிலக்கரிப் படுகை மீத்தேனைத் தடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே நடந்து வந்த திட்டங்களைத் தொடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த ஓட்டையை மறக்காதீர்கள்.

மீத்தேன்தான் வேண்டுமென்றால் அதற்குக் கரி எதற்கு? சாணியே போதுமே! 25 கிலோ சாணிக்கு ஏறக்குறைய 1 கன மீட்டர் கேஸ் கிடைக்கும். நாலைந்து மாடு இருந்தால் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் ஓடும். மாசம் ஒண்ணரை சிலிண்டருக்கு மேல் மிச்சம். கலனில் இருந்து வெளியே வருகிற சாணக் கரைசல் வயலுக்கு நல்ல உரம். கரியைத் தின்ற கிருமி நமக்கு என்ன உரம் கொடுக்கும்? கம்பெனிக்கு கேஸ், நமக்கு வறண்ட கிணறு!

நம் கோரிக்கைகள்:

• கிருமி விட்டு எடுத்தாலும் அது நிலக்கரி மீத்தேன்தான் என்று சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

• சாண எரிவாயு மானியம் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் சேர வேண்டும். தனியாகக் கட்ட முடியாதவர்களுக்குத் தெருவுக்கு ஒரு பொதுக்கலன் அமைக்க வேண்டும்.

• கிராம சபை சம்மதம் இல்லாமல் எந்த ஆழ்துளை ஆய்வும் நடக்கக் கூடாது.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். வீட்டுக்கு ஒருவர் அவசியம் வாருங்கள். தீர்மான நகலைக் கையோடு வாங்கி வையுங்கள்.

சாணியை வயலுக்குக் கொடுப்போம்! கரியைக் கிளற விடமாட்டோம்!

போராட்ட வாழ்த்துக்களுடன்,
செயலாளர்